பறித்த பட்டையும் பிரித்த பட்டையும்

மம்சாபுரத்தில் மாரிச்சாமியைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் மிகச் சிலர். மற்ற எல்லோருக்கும் அவர் ‘சுபேதார்’. பால் ஊற்றுகிறவர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். புதிதாக ஊருக்குக் குடிவந்தவர்கள் அதை உண்மையென்றே நம்பி, வழியில் கண்டால் கும்பிட்டதும் உண்டு. ஆனால் மாரிச்சாமி ஒருநாளும் சுபேதாராக இருந்ததில்லை. 1966இல் மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்தார். 1983இல் சிப்பாயாகவே ஓய்வு பெற்றார். இடையில் சில ஆண்டுகள் அவருடைய சட்டைக் கையில் இரண்டு பட்டைகள் இருந்தன. அவை வந்த கதையையும் போன கதையையும் சொன்னால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட விதம் விளங்கும்.

ராணுவத்தில் சேருகிற இளைஞன் முதலில் சிப்பாய். அவன் சட்டைக் கையில் எதுவும் இராது. சில ஆண்டுகள் ஒழுங்காகப் பணிசெய்து, தேர்வுகளும் தேறினால் லான்ஸ் நாயக் ஆகலாம். அப்போது வலது மேல்கையில், கூர்முனை கீழ்நோக்கிய துணிப்பட்டை ஒன்று தைக்கப்படும். அடுத்து நாயக், அவருக்கு இரண்டு பட்டைகள். அதற்கு மேல் ஹவில்தார், மூன்று பட்டைகள். பட்டைகளின் கணக்கு அத்தோடு முடிகிறது. ஹவில்தார் ஒருவர் நாயிப் சுபேதாராக உயரும்போது கையில் இருந்த பட்டைகள் எடுக்கப்பட்டு, தோளில் ஒரு நட்சத்திரம் ஏறும். சுபேதாருக்கு நட்சத்திரம் இரண்டு. மேலே ஏறுகிற அந்த ஒரு படியில் மட்டும், முன்பு இருந்தது போய், கை வெறுமையாகிவிடுகிறது. நாட்டின் எல்லா ராணுவக் குடும்பங்களிலும் இது சாதாரணச் செய்தி. மம்சாபுரத்தின் மேலத்தெருவில் மட்டும் அது நெடுங்காலம் சாதாரணச் செய்தியாக இருக்கவில்லை.

மேலத்தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் பலர். ஆனால் மூன்று பட்டைகளைத் தாண்டியவர் எவரும் அதுவரை இல்லை. சிப்பாயாகவோ நாயக்காகவோ பணிக்காலம் முடிந்து திரும்பியவர்களே மிகுதி. அதனால் தெருவார் பட்டைகளை மட்டுமே படிக்கக் கற்றிருந்தார்கள். விடுமுறையில் ஒருவர் பேருந்திலிருந்து இறங்கினால், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வலது கையைப் பார்ப்பார்கள். புதிதாக ஒரு பட்டை ஏறியிருந்தால், அந்தக் குடும்பம் ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடியில் இருக்கும் அய்யனார் கோவிலுக்குத் தெருவாரை அழைத்துச் சென்று பொங்கல் வைக்கவேண்டும். அதற்குப் ‘பட்டைப் பொங்கல்’ என்றே பெயர். அருவியில் குளித்து, பொங்கல் தின்று, மாலையில் திரும்புவார்கள். மாரிச்சாமியின் வீட்டார் இரண்டு முறை அப்படிப் பொங்கல் வைத்தார்கள்.

1980ஆம் ஆண்டுக் கோடையில் மாரிச்சாமி நாயக்காக விடுமுறையில் வந்திருந்தார். விடுமுறை முடியும் தறுவாயில் அவருடைய மனைவி செல்லக்கனிக்குப் பேறுகாலம் கடினமாகி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது. விடுமுறையை நீட்டித்துத் தருமாறு மாரிச்சாமி பட்டாலியனுக்குத் தந்தி கொடுத்தார். பதில் வரவில்லை. மறுப்பு வராததை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். ஊரில் அதுதான் வழக்கம்: கேட்டதற்கு ஒருவர் பேசாமல் இருந்தால் சரி என்று பொருள். ராணுவத்தில் அதற்கு நேர்மாறு. நீட்டிப்பு ஆணை வராதவரை விடுமுறை, முன்பு எழுதிக் கொடுத்த தேதியோடு முடிந்துவிடும். தாயும் பெண்குழந்தையும் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகே அவர் ரயில் ஏறினார். கமாண்டிங் ஆபீசர் முன்னால் விசாரணை நடந்தது. நாயக் பதவி போயிற்று. கம்பெனி அணிவகுத்து நின்றபோது ஹவில்தார் மேஜர் அருகில் வந்து, இரண்டு பட்டைகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் எடுத்தார். பட்டையோடு சட்டைத் துணியும் கொஞ்சம் கிழிந்து போயிற்று.

அடுத்த விடுமுறைக்கு அவர் அதே சட்டையோடு வந்தார். பேருந்து நிற்குமிடத்தில் சங்கரலிங்கத்தின் டீக்கடை. சங்கரலிங்கம் பாலை ஆற்றிக்கொண்டே கையைப் பார்த்தார்.

“என்ன மாப்ளே, கை வெறுசா இருக்கு?”

ஓர் இரவு முழுவதும் ரயிலில் யோசித்து வைத்திருந்த பதிலை மாரிச்சாமி சொன்னார். “மேல போயாச்சு மாமா. அங்க போனாப் பட்டைய எடுத்துருவாங்க. தோள்லதான் நட்சத்திரம்.”

“நட்சத்திரத்தக் காணமே?”

“ஆர்டர் வரணும்லா. வந்தாத்தான் மாட்டமுடியும்.”

பெஞ்சில் இருந்த ஒருவர், போலீஸிலும் ஏட்டையாவுக்குப் பட்டை, சப் இன்ஸ்பெக்டருக்கு நட்சத்திரம்தானே என்று எடுத்துக்கொடுத்தார். அது பொருத்தமாகவே பட்டது. நட்சத்திரம் வந்த பிறகு பொங்கல் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். வீட்டில் செல்லக்கனி சட்டையைத் துவைத்தாள். கையில் இருந்த கிழிசலைப் பார்த்தாள். பச்சை நூல் இல்லாததால் கறுப்பு நூலால் தைத்து, மடித்துப் பெட்டியில் வைத்தாள். கணவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தச் சொல் சில மாதங்கள் மட்டுமே நின்றது. அந்த ஆண்டுத் தீபாவளிக்கு அதே தெருவைச் சேர்ந்த இருளப்பசாமி விடுமுறையில் வந்தார். வேறொரு பட்டாலியனில் லான்ஸ் நாயக். மாரிச்சாமிக்கு வயதில் இளையவர். சங்கரலிங்கம் அவரிடம் அக்கறையாகவே விசாரித்தார்.

“ஏலே இருளப்பா, நம்ம மாரிச்சாமிக்கு நட்சத்திரம் எப்ப வரும்?”

“எந்த நட்சத்திரம் மாமா? அண்ணன் நாயக்லா. நாயக்குக்கு மேல ஹவில்தாரு, அதுக்கு மூணு பட்டை. அந்த மூணையும் தாண்டுனாத்தான் பட்டைய எடுத்துட்டு நட்சத்திரம் குடுப்பாங்க. ரெண்டு பட்டையில இருந்து நேரா அங்க எப்படிப் போக?”

சொல்லி முடித்த பிறகுதான், கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது அவர் கண்ணில் பட்டது. கையிலிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஆனால் சொன்னது சொன்னதுதான். மறுநாள் காலையில் மாரிச்சாமி கடைக்கு வந்தபோது, “வாங்க சுபேதார்” என்றார் ஒருவர். கடை சிரித்தது.

இருளப்பசாமி சொன்னதில் இரண்டு பாதிகள் இருந்தன. மாரிச்சாமி சொன்னது பொய் என்பது ஒரு பாதி. ஹவில்தாருக்கு மேலே போனால் பட்டை போய் நட்சத்திரம் வரும் என்பது இன்னொரு பாதி. சிரிப்புக்கு முதல் பாதி போதுமானதாக இருந்தது. இரண்டாம் பாதியை எவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ‘மேல போனாப் பட்டைய எடுத்துருவாங்க’ என்ற வாக்கியம் மேலத்தெருவில் பொய்க்கே ஒரு பெயராகிவிட்டது. கடன் வாங்கித் திருப்பாதவன், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை, யார் சாக்குச் சொன்னாலும், “ஆமா, மேல போனாப் பட்டைய எடுத்துருவாங்க” என்று மறுமொழி வந்தது.

மாரிச்சாமி அதற்குப் பிறகு பொய் சொன்னதாக எவரும் கேள்விப்பட்டதில்லை. ஓய்வு பெற்றதும் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயும் மம்சாபுரத்து ஆட்கள் வேலை பார்த்ததால் பெயர் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஆலையின் டைம் ஆபீசைக் கவனித்த சுப்புராஜ், ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவர் அதை மெய்யென்று நம்பினார்.

“ரண்டி, வாங்க சுபேதார் காரு. உங்கள மாதிரி ஆளத்தான் தேடிக்கிட்டிருந்தோம்.”

“நான் சிப்பாய்ங்க. ஊர்ல அப்படிக் கூப்பிடுதாவ. சர்ட்டிபிகேட்ல சிப்பாய்னுதான் இருக்கும்.”

சுப்புராஜுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. சில ஆண்டுகளுக்குப் பிறகு அவரை ஹெட் வாட்ச்மேன் ஆக்கினார். ஆலையின் ஹெட் வாட்ச்மேனுக்குக் காக்கிச் சட்டையில் இரண்டு பட்டைகள் உண்டு. மாரிச்சாமி வேலையை ஏற்றுக்கொண்டார், பட்டைகளை வாங்கவில்லை. “சட்டை இப்படியே இருக்கட்டுங்க” என்றார். காரணத்தை அவரும் சொல்லவில்லை, சுப்புராஜும் வற்புறுத்தவில்லை.

இதற்கிடையில் இருளப்பசாமி ஒவ்வொரு படியாக ஏறினார். நாயக் ஆனபோதும் ஹவில்தார் ஆனபோதும் அவருடைய குடும்பம் அய்யனார் கோவிலில் பொங்கல் வைத்தது. மாரிச்சாமி இரண்டுக்கும் போய், இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். இருவரும் பார்த்தால் பேசிக்கொள்வார்கள். மழையைப் பற்றி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி. பட்டாளத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

1995ஆம் ஆண்டு ஆவணியில் இருளப்பசாமி விடுமுறையில் வந்து இறங்கினார். மகள் சண்முகத்தாய்க்குத் தேவதானத்தில் மாப்பிள்ளை பேசி, வெள்ளிக்கிழமை நிச்சயம் செய்வதாக இருந்தது. மாப்பிள்ளையின் தந்தை சிவனாண்டி நிலபுலன் உள்ள விவசாயி. நேர்மைக்குப் பேர்போன குடும்பம். மகளுக்கு வாய்த்த நல்ல இடம் என்று இருளப்பசாமி வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

சங்கரலிங்கத்துக்கு வயது கூடியிருந்தது. பார்வை மட்டும் குறையவில்லை. அவர் வலது கையைப் பார்த்தார். பட்டைகள் இல்லை. பல முறை துவைத்து வெளுத்த சட்டையில், மூன்று பட்டைகள் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்த்தியாகத் தெரிந்தது.

“என்னப்பா, கை வெறுசா இருக்கு?”

இருளப்பசாமி மகிழ்ச்சியோடு சொன்னார். நேரில் சொல்வதற்காகவே கடிதத்தில் எழுதாமல் வைத்திருந்த செய்தி. “மேல போயாச்சு மாமா. அங்க போனாப் பட்டைய எடுத்துருவாங்க. இந்தா, தோள்ல நட்சத்திரம்.”

கடையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தீங்காகப் போயிற்று. சிரித்திருந்தால் அவருக்கு அப்போதே விளங்கியிருக்கும். சங்கரலிங்கம் டீக் கிளாஸை நீட்டி, “சரி சரி, மொதல்ல இதக் குடி. அலைஞ்சு வந்திருக்க” என்றார், துக்க வீட்டில் பேசுவதுபோல.

இருளப்பசாமி தெருவுக்குள் போன பிறகு பேச்சு தொடங்கியது.

“நட்சத்திரம் இருக்கத்தான வே செய்யுது?”

“மாரிச்சாமி ஏமாந்தவன், வெறுந்தோளோட வந்தான். இவன் வெவரமானவன். மதுரையில எந்தக் கடையில கேட்டாலும் நட்சத்திரம் குடுப்பான்.”

“பொண்ணுக்கு நிச்சயம் வச்சிருக்கிற நேரத்துல, பாவம். நம்மளா ஒண்ணும் கேட்டுக்கிட வேண்டாம்.”

அப்படியே எவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருளப்பசாமி குடும்பம் அய்யனார் கோவிலுக்குப் பொங்கல் வைக்கப் புறப்பட்டபோது, அழைத்த வீடுகளில் பாதிகூட வரவில்லை. ஒருவருக்கு வயிறு சரியில்லை. ஒருவருக்குத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச முறை. வந்தவர்களும் பொங்கலைக் கையில் வாங்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பினார்கள். ஒரு பானைச் சோறு அப்படியே மிஞ்சியது. திரும்பி வந்த மாலையில் இருளப்பசாமியின் மனைவி வெள்ளத்தாய் பானையைக் கழுவிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க, நெசமாவே மேலதான் போயிருக்கீயளா?”

அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு டீக்கடையில் தாம் பாதியில் வைத்துவிட்டு எழுந்த கிளாஸ் நினைவுக்கு வந்தது.

விடுமுறைச் சீட்டு அவருடைய பெட்டியில் இருந்தது. அதில் நாயிப் சுபேதார் என்றே எழுதியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்றாள் வெள்ளத்தாய். அவர் மறுத்துவிட்டார். “பொண்ணு குடுக்கப் போறவன், நான் பொய்க்காரன் இல்லன்னு காயிதத்தக் காட்டவா? அப்படிக் காட்டித்தான் அவ வாழணும்னா அந்த எடமே வேண்டாம்.” சொல்லிவிட்டாரே தவிர, அன்று அவர் சாப்பிடவில்லை. உள்ளறையில் சண்முகத்தாய் விழித்திருப்பது இருவருக்கும் தெரியும்.

செய்தி தேவதானத்துக்குப் போக இரண்டு நாள் ஆயிற்று. சிவனாண்டி சொல்லியனுப்பினார்: வெள்ளிக்கிழமை வேண்டாம், ஆவணி போகட்டும், பிறகு பார்ப்போம்.

மாரிச்சாமி இதை ஆலைப் பேருந்தில் கேள்விப்பட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

“அவன் சொல்லுறது நெசம்” என்றார்.

“அது ஒங்களுக்குத் தெரியும்” என்றாள் செல்லக்கனி. “ஊருக்கு ஒங்க வார்த்தைதான் தெரியும். அத அவிய சொன்னாலும் பொய்யாத்தான் கேக்குது.”

“நான் போயிச் சொல்லவா? சுபேதார் சாட்சி சொல்ல வந்துட்டாருன்னு சிரிப்பானுவ. அவனுக்கு இருக்கிற மதிப்பும் போயிரும்.”

“அன்னைக்கு அவிய வாயத் தொறக்காம இருந்திருந்தா ஒங்களுக்கு இந்தப் பேரு வந்திருக்காதுன்னு ஒரு நெனப்பு இருக்கோ?”

மாரிச்சாமிக்கு அப்படியொரு நினைப்பு இருந்ததுண்டு. ஆனால் இப்போது அவரைத் தடுத்தது அதுவல்ல. பதினான்கு ஆண்டுகளாகத் தெரு அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. அவர் அதற்குப் பழகியும் இருந்தார். சிரிப்பில் ஒரு வசதி உண்டு: சிரிப்பவர்கள் அந்தக் கிழிந்த சட்டையைப் பற்றிக் கேட்பதில்லை. நடந்ததை அவர் வாயால் சொல்லும்படி யாரும் அவரை நிறுத்தி வைத்ததில்லை.

வியாழக்கிழமை மாலை அவர் பேருந்தைவிட்டு இறங்கியபோது டீக்கடையில் புதிய ஆள் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் பை. சிவனாண்டி. சொல்லியனுப்பிய பிறகு மனது கேட்காமல், நேரில் விசாரித்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

“பட்டை போனது கூடப் பெருசில்லங்க” என்று சங்கரலிங்கத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். “மனுசன் தப்பு செய்வான், மேல உள்ளவன் தண்டிப்பான். போனதப் போச்சுன்னு சொல்லாம, மேல போயிட்டேன்னு சொல்லுதாவ பாருங்க, அதான் ஒட்ட மாட்டேங்குது. அந்த வீட்டுப் பொண்ண எப்படி எடுக்க?”

பெஞ்சிலிருந்த ஒருவர் மாரிச்சாமியைப் பார்த்துவிட்டார். “இந்தா, சுபேதாரே வந்துட்டாரு. பட்டாளத்துச் சங்கதி, அவர்ட்டயே கேளுங்க.”

மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சிவனாண்டிக்கு அது தெரியாது. அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, “வணக்கம் ஐயா. நீங்க சுபேதாரா இருந்தவுகளா? ரொம்ப நல்லதாப் போச்சு” என்றார்.

மாரிச்சாமிக்கு ஒரு தலையாட்டல் போதுமாயிருந்தது. ஆமாம் என்று சொல்லி, இருளப்பசாமி நல்லவன் என்று சேர்த்திருந்தால் சிவனாண்டி நம்பியிருப்பார். ஆனால் அவர் ஊருக்குத் திரும்புமுன் வேறு யாராவது உண்மையைச் சொல்லியிருப்பார்கள். பொய்க்கு ஒரு பொய்யன் சாட்சி என்று விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். மாரிச்சாமியின் பார்வை டீக்கடையை ஒட்டியிருந்த ஞானபாக்கியத்தின் இஸ்திரி மேசைமேல் போயிற்று. அங்கே இருளப்பசாமியின் சட்டை விரித்துக் கிடந்தது. இரண்டு நாளில் பட்டாலியனுக்குத் திரும்பவேண்டியவர் தேய்க்கக் கொடுத்திருந்தார். வலது கை மேலே இருந்தது. அடர்ந்த பச்சையில் மூன்று பட்டைகளின் தடம். அதன் ஓரத்தில் ஊசித் துளைகள், ஒன்றுகூடச் சிதையாமல், எறும்பு வரிசைபோல.

“செத்த நேரம் இருங்க, வாரேன்” என்று சிவனாண்டியிடம் சொல்லிவிட்டு மாரிச்சாமி வீட்டுக்கு நடந்தார்.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு பழைய சட்டை இருந்தது. இத்தனை ஆண்டுகளாகச் செல்லக்கனி தூக்கிப் போடச் சொல்லியும் போடாமல் பெட்டியின் அடியில் வைத்திருந்தது. அதை இஸ்திரி மேசையில், இருளப்பசாமியின் சட்டைக்குப் பக்கத்தில் விரித்தார். சிரித்தவர்கள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்கள்.

“நான் சுபேதாரு இல்லங்க” என்றார் சிவனாண்டியிடம். “சிப்பாய். இவிய வெளாட்டுக்குக் கூப்பிடுதாவ. இது என் சட்டை. ஏ ஞானபாக்கியம், ஒனக்குத் துணி தெரியும்லா. இந்த ரெண்டு கையையும் பாத்து, எப்படிப் பட்டை எடுத்திருக்குன்னு சொல்லு.”

ஞானபாக்கியம் கரிப்பெட்டியை ஓரமாக வைத்தாள். பழைய சட்டையின் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு பட்டைகளின் தடம் மங்கலாகத் தெரிந்தது. நடுவில் துணி இழைவிட்டுக் கிழிந்து, கறுப்பு நூலால் தைத்திருந்தது.

“இது பிடிச்சு இழுத்தது” என்றாள். “நூலு அறலை. துணிதான் அந்துருக்கு. ஆத்திரமா இழுத்திருக்காவ.”

“அது?” என்றார் மாரிச்சாமி.

இருளப்பசாமியின் சட்டையை விரலால் தடவினாள். “இது டெய்லர் பிரிச்சது. ஒவ்வொரு தையலா பிளேடு வச்சு அறுத்து எடுத்திருக்கான். ஒரு இழை அசங்கலை.” பிறகு தோள்பக்கத்தைத் திருப்பினாள். “இங்க நட்சத்திரம் மாட்டுற ஓட்டையச் சுத்திக் காஜா எடுத்திருக்கு பாருங்க. அதே டெய்லர் கைதான். கடையில வாங்கி மாட்டுனா இப்படி இருக்காது, ஊசியக் குத்தி விட்டுருப்பான்.”

மாரிச்சாமி தம் சட்டையை மடிக்கத் தொடங்கினார். மடித்துக்கொண்டே பேசினார், கடையில் இருந்தவர்களைப் பார்க்கவில்லை.

“லீவு முடிஞ்சும் நான் போகலை. அதுக்கு எல்லாரும் பாக்க என் கையில இருந்து பறிச்சாங்க. பறிக்கிறவன் துணியப் பாக்க மாட்டான். ஒருத்தன மேல அனுப்பும்போதுதான் டெய்லரக் கூப்பிட்டு, பழையதப் பிரிச்சு, புதுசுக்கு எடம் பண்ணுவாங்க. அன்னைக்கு நான் இந்தக் கடையில சொன்னது பொய். ஆனா அந்தச் சொல்லு பொய்யில்ல. ரெண்டு பட்டைக்காரனுக்கு அது பொருந்தாது. மூணு பட்டைக்காரனுக்குப் பொருந்தும். இருளப்பன் அத அன்னைக்கே சொன்னான். மாமாவுக்கு ஞாபகம் இருக்கும்.”

எல்லோரும் சங்கரலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் ஆற்றிக்கொண்டிருந்த பாலைக் கீழே வைத்தார்.

“சொன்னான்” என்றார். “மூணையும் தாண்டுனாத்தான்னு சொன்னான். நமக்குத்தான் அது வேண்டியிருக்கலை.”

சிவனாண்டி இரண்டு சட்டைகளையும் இன்னொரு முறை பார்த்தார். இருளப்பசாமி வீடு எது என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டார். நாலடி போனவர் திரும்பி, “உங்க பேரு?” என்றார்.

“மாரிச்சாமி.”

“நாளைக்கு நிச்சயத்துக்கு நீங்க வரணும் மாரிச்சாமி. எங்க வீட்டு அழைப்பு.”

வெள்ளிக்கிழமை நிச்சயம் நடந்தது. தேவதானத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். மேலத்தெருவில் வயிறு சரியில்லாதவர்களும் தண்ணீர் முறைக்காரர்களும் அன்று தவறாமல் வந்திருந்தார்கள். மிஞ்சிப்போன பொங்கலைப் பற்றி வெள்ளத்தாய் இரண்டொரு வார்த்தை சொல்லாமல் விடவில்லை. “அடுத்த நட்சத்திரத்துக்காவது எல்லாருக்கும் வயிறு நல்லாயிருக்கணும்” என்று பந்தியில் சொல்லிக்கொண்டே பரிமாறினாள். மாரிச்சாமி ஷிப்டு முடித்து வந்து, பந்தியின் கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

விடுமுறை முடிந்து கிளம்பும் நாளில் இருளப்பசாமி, ராஜபாளையத்தில் ரயிலேறுவதற்கு முன்னால், ஆலை வாசலுக்கு வந்தார். தேய்த்த சட்டை, தோளில் நட்சத்திரம். கேட்டருகே நின்ற மாரிச்சாமி அவரைப் பார்த்ததும் குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார்.

“அண்ணே, என்ன இது? சாதாரணமா நில்லுங்க.”

“யூனிபார்ம்ல இருக்கீங்க சாப். நிக்கணும்.”

இருளப்பசாமி தம் பெட்டியைக் கீழே வைத்தார். “அன்னைக்கு நான் செத்த யோசிச்சுப் பேசியிருக்கணும் அண்ணே. கேட்டாவன்னு படபடன்னு சொல்லிட்டேன்.”

“கேட்டாச் சொல்லத்தான செய்யணும். நான்தான் கேக்கதுக்கு முன்னாலயே ஒண்ணத் தயார் பண்ணி வச்சிருந்தேன்.” மாரிச்சாமி விறைப்பைத் தளர்த்திக்கொண்டார். “ரயிலுக்கு நேரமாகலையா? கல்யாணத் தேதி குறிச்சதும் மொதல்ல தந்தி குடுத்து லீவு கேளுங்க. பதில் வந்த பொறவு வாங்க.”

இருவரும் சிரித்தார்கள். டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த சுப்புராஜ், அவர் போனதும் வெளியே வந்தார்.

“எவரு மாரிச்சாமி அவரு? நீங்க இப்படி விறைச்சு நின்னு நான் பாத்ததே இல்லையே.”

“எங்க ஊரு சுபேதாருங்க” என்றார் மாரிச்சாமி. பிறகு திருத்திக்கொண்டார். “நாயிப் சுபேதார். இன்னொரு நட்சத்திரம் வந்தா முழு சுபேதாரு.”

அதன்பிறகு சில வாரங்கள் மேலத்தெருவுக்கு அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் போயிற்று. சுபேதார் என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். கடைசியில் பெரியவர்கள் மாரிச்சாமி என்றும், சிறியவர்கள் மாரிச்சாமி மாமா என்றும் வந்து நின்றார்கள். பழைய பெயர் இருளப்பசாமிக்குப் போயிற்று. அவர் 1998இல் மெய்யாகவே சுபேதாராகி ஓய்வு பெற்றபோது அது அவருக்காகக் காத்திருந்தது.

சண்முகத்தாயின் திருமணம் நிச்சயத்தை அடுத்து வந்த தை மாதம் நடந்தது. அதற்கு முந்தைய வாரம், ஆலையில் வாட்ச்மேன்களுக்குப் புதுச் சட்டை கொடுத்தார்கள். சுப்புராஜ் வழக்கம்போலப் பட்டை இல்லாத சட்டையை எடுத்து வைத்தார். மாரிச்சாமி அதைக் கையில் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

“அந்த ரெண்டு பட்டை இருக்குங்களா, இல்ல வேற யாருக்கும் குடுத்தாச்சா?”

இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து செல்லக்கனியிடம் கொடுத்தார். அவள் காக்கி நூல் வாங்கிவரச் சொல்லி, ஜன்னலோரம் உட்கார்ந்து, நெருக்கமான தையலாகப் போட்டுத் தைத்து முடித்தாள். முடித்ததும் ஓரத்தைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

“கெட்டியா இருக்கு. இதையாவது ஒழுங்கா வச்சிருங்க.”

பழைய சட்டை அதே பெட்டியில் இருந்தது. அதைத் தூக்கிப் போடச் சொல்லி அவள் மறுபடி கேட்கவில்லை.